இன்னும் இல்லை என்று சொல்லவைத்தவர்

நேசன் இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம். வேலையால் வந்து, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். கைபேசி விடாமல் அடிக்கிறது. பழைய கந்தோரில் ஒன்றாக வேலை செய்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நேசனின் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் போட்டு, ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவராவது யாரிடமாவது கேட்டிருப்பார்களா? ஒருவரும் இல்லை.

அவருடைய தங்கை விமலாவுக்கு அழைத்தேன். நான் வாய் திறக்கவே அவள் பதறினாள்.

“அண்ணை ஐசியுவில இருக்கிறார், செல்வி அக்கா. மூச்சு இருக்கு. ஆர் உங்களுக்கு என்ன சொன்னது?”

“யாரும் ஒன்னும் சொல்லல்ல விமலா. எப்படி இருக்காருன்னு கேக்கத்தான் எடுத்தேன்” என்றேன்.

பொய்தான். வேறு என்ன சொல்ல? போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு கோபம்தான் வந்தது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எதைச் செய்யக்கூடாது என்று எங்களோடு மல்லுக்கட்டினாரோ, அதை அவருக்கே செய்துவிட்டார்களே என்று. குழுவுக்குத் திரும்பி, ‘இன்னும் இல்லை’ என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் படமும் விளக்கும் காணாமல் போயின. கும்பிட்ட கைகளும் ஒவ்வொன்றாக அழிந்தன. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

‘இன்னும் இல்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று கந்தோரில் எங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் எதையும் எழுதுகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. ஆனால் வேறு யாராவது எழுதினால் அவரை ஒரு மகானாக்கிவிடுவார்கள். அவர் மகானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சரியான பிடிவாதக்காரர்.

போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கண்டி வாவிக்குப் பின்னால், மேட்டில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. லலித் சேர்தான் முதலாளி; சாரைத்தான் நாங்கள் ‘சேர்’ என்போம். சிங்களவர், வாய் நீளமென்றாலும் மனசு கெட்டவரில்லை. நேசனின் அப்பா முன்பு கண்டியில் தபால் திணைக்களத்தில் வேலை செய்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீட்டை விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு குடும்பமாக யாழ்ப்பாணம் போனவர்கள். நேசன் வளர்ந்து ஆளாகி, வேலை தேடித் திரும்பவும் கண்டிக்கே வந்தார். நான் தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவரிடம், “வாங்க, உக்காருங்க” என்றேன். “ஓம், இருக்கிறன். நீர் இரும்” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். என்னை ‘நீர்’ என்றதில் எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. அது அவர்கள் பக்கத்து மரியாதை என்று விளங்கச் சில நாள் எடுத்தது.

எங்கள் மென்பொருள் தோட்ட மருந்தகங்களுக்கானது. ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கணினிகளைக் கொடுத்திருந்தார்கள். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அது பார்த்துக்கொள்ளும். நோயாளிக்குக் கொடுக்கும் போத்தலில் ஒட்டுகிற துண்டையும் அச்சடித்துத் தரும். அதைப் பாவிப்பது எப்படி என்று சொல்லும் கையேட்டைத்தான் நானும் நேசனும் எழுதினோம். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும். கணினித் திரையில் வாசிக்கிற கையேடு அது. இடப்பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியல் இருக்கும், ஒரு தலைப்பை அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மென்பொருளின் புதிய பதிப்பு இறுவட்டில், அதாவது சீடியில், ஏறி, வேனிலும் பஸ்ஸிலும் போய்த்தான் தோட்டங்களைச் சேரும். மழை, மண்சரிவு, ஊரடங்கு என்று வந்தால் கிழமைக்கணக்கில் தாமதமாகும். கையேடோ டெலிபோன் கம்பி வழியாக அன்றே போய்விடும். அப்படியென்றால், இன்னும் போய்ச் சேராத ஒரு மாற்றத்தைப் பற்றிய பக்கம் வாசிக்கிறவன் கண்ணில் படக்கூடாது. சரி, பிறகு எழுதலாம் என்று விடவும் முடியாது. மாற்றத்தைச் செய்த ஆளுக்கே அடுத்த மாதம் தான் செய்தது ஞாபகம் இராது. அதனால் மாற்றம் நடந்த கையோடு பக்கத்தை எழுதி, இனி வரப்போகிறவற்றுக்கென்று மொழிக்கொரு தனிக் கோப்புறையில் போட்டுவைப்போம். பட்டியலைக் கட்டுகிற கருவிக்குத் தராதரம் தெரியாது. கிடக்கிற பக்கத்தையெல்லாம் அள்ளிப் பட்டியலில் போட்டுவிடும். அந்தக் கோப்புறைகளின் பெயரைச் சொல்லி, அவற்றைத் தாண்டிப் போ என்று அதற்கு ஒரு விதியை எழுதிவைத்தவர் நேசன்.

கையேட்டை வெளியிடும்போதெல்லாம் கருவி முறைப்பாடு சொல்லும். ‘இந்தப் பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் பட்டியலில் இல்லை’ என்று திரையில் வரி வரியாக ஓடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கும். அந்தப் பக்கங்களை உங்கள் கணினியிலேயே ஒளித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று ஒருத்தி கேட்டாள். நேசன் சொன்னதை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

“ஒளிச்சு வச்சா மறந்து போவம், பிள்ளை. இருக்கிறது இருக்கட்டும். காட்டுறதுக்குத்தான் நேரம் வேணும்.”

லலித் சேரோடு அவர் முதலில் முட்டிக்கொண்டதும் இதில்தான். உதவி கொடுக்கிற வெள்ளைக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. வரப்போகிற வசதிகளையெல்லாம் பட்டியலில் போடு, பக்கத்தில் ‘விரைவில்’ என்று சிவப்பில் எழுது, பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார் லலித் சேர். நேசன் மாட்டேன் என்றார். தனியாக அச்சடித்து வெள்ளைக்காரர் கையில் கொடுக்கிறேன், கையேட்டில் ஏற்றமாட்டேன் என்றார். லலித் சேர் மேசையில் அடித்தார். நேசன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“விரைவில் எண்டதை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், செல்வி. கீழ இருக்கிறதைத்தான் வாசிப்பினம். வாசிச்சதைச் செய்வினம்.”

அன்று நான் லலித் சேர் பக்கம் என்றுதான் ஞாபகம். இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு வீம்பு என்று நினைத்தேன். ஒரு சிவப்பு எழுத்துக்கு இவ்வளவு சண்டையா?

பிறகு வந்தது தமிழ்ப் பக்கத்தின் கதை. மருந்தின் அளவைப் பதிகிற முறையை மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பதிப்பில் ஒரு எண்ணை அடித்தால் அது தேக்கரண்டிக் கணக்கு. புதியதில் அது மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டிக்கு ஐந்து மில்லிலீற்றர். ஆகவே புதிய பதிப்பில் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி பாணி மருந்து, அதாவது சிரப், கொடுக்க ஐந்து என்று அடிக்கவேண்டும். அதையே பழைய பதிப்பில் அடித்தால் போத்தலில் ஒட்டும் துண்டில் ‘ஐந்து தேக்கரண்டி’ என்று வரும். இதற்கான பக்கத்தை மூன்று மொழியிலும் எழுதி, வழக்கம்போல ஒதுக்கி வைத்திருந்தோம்.

அதுவரை கோப்புறைகளுக்கு இங்கிலீஷ் எழுத்தில்தான் பெயர். அந்த மாதம்தான் எங்கள் கருவி கோப்புறைப் பெயரில் தமிழ் எழுத்தையும் ஏற்கத் தொடங்கியது. நேசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “எங்கட பக்கத்துக்கு ஏன் இங்கிலீஷில பேர்?” என்று, தமிழ்க் கோப்புறைக்கு ‘வரவுள்ளவை’ என்று தமிழிலேயே பெயரை மாற்றினார். எங்களுக்கு வடையும் வாங்கித் தந்தார். கோப்புறையின் பெயரை மாற்றியவர், தாண்டிப் போ என்று தானே எழுதிய விதியில் பெயரை மாற்ற மறந்துவிட்டார். சிங்களப் பக்கமும் இங்கிலீஷ் பக்கமும் ஒதுங்கியே இருக்க, தமிழ்ப் பக்கம் மட்டும் பட்டியலில் ஏறிக்கொண்டது.

கையேட்டை வெளியிட்டதும், கந்தோருக்கு வருகிற வெளியாட்கள் இருக்கிற கதிரையில் போய் இருந்து, வாசிக்கிறவன் காண்கிற மாதிரியே, அங்கிருக்கும் கணினியில் அதை ஒரு தடவை திறந்து பார்ப்பது அவர் பழக்கம். அன்று வெளியிட்ட கையோடு மின்வெட்டு. மறுநாள் காலையில்தான் பார்த்தார்.

“செல்வி, இஞ்ச வாரும்.”

குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். இடப்பக்கத்துப் பட்டியலில், ‘மருந்தின் அளவு: மில்லிலீற்றரில்’ என்று பளிச்சென்று கிடந்தது.

உடனே அதை எடுத்தோம். எங்கள் கணினிப் பதிவின்படி, முந்திய நாளிலிருந்து தமிழ்க் கையேட்டைப் புதுப்பித்தது ஒரேயொரு மருந்தகம்தான். தெல்தோட்டைக்கு மேலே, என் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம். போன் அடித்தால் கம்பியில் உயிர் இல்லை. இரவு பெய்த மழையில் எங்கேயோ அறுந்திருக்க வேண்டும். கந்தோர் வேன் கொழும்புக்குப் போயிருந்தது. அந்தக் கிழமை எங்கேயோ குண்டு வெடித்து, வழியெங்கும் ராணுவச் சோதனை.

“நான் போறேன். எங்க ஊருதானே. நீங்க வேணாம், உங்க ஐடென்டிட்டி கார்டுல யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்தா எறக்கிருவாங்க” என்றேன்.

“நீர் வாரும், வழி தெரியும் உமக்கு. ஆனா சொல்ல வேண்டியது நான்” என்று குடையை எடுத்தார்.

நான் சொன்னதுதான் நடந்தது. பேராதனை தாண்டுமுன்னே எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டு, போ என்றார்கள். அவருடைய அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான் அந்த ஆமிக்காரன். “கொஹேத யன்னே?” என்றான். எங்கே போகிறாய் என்று அந்தக் காலத்தில் யார் கேட்டாலும், சாவு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. இந்த மனிதர் நல்ல கண்டிச் சிங்களத்தில், ‘பிள்ளைகளின் மருந்தைப் பிழையாக எழுதிவிட்டேன், சொல்லப் போகிறேன்’ என்கிறார்! மருந்தா, நீ டொக்டரா? இல்லை. அப்படியென்றால் நீ ஏன் மருந்து எழுதினாய்? கணினியில் எழுதினேன். கணினியா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நானும் ஏறவில்லை. கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து, லலித் சேருக்குப் போன் எடுத்துப் பேசினார். மறுபக்கத்தில் லலித் சேர் கத்துவது எனக்கே கேட்டது. விட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற வழக்கமான டிஸ்பென்சர் லீவு. பதிலுக்கு வந்திருந்தவர் மெலிந்த, மரியாதையான மனிதர். எங்கள் கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்த ஒரே ஆள் இந்தத் தீவிலேயே அவராகத்தான் இருப்பார். விதியைப் பாருங்கள், அவரிடமே போய் மாட்டியிருக்கிறது. நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து வந்த புதுப் பக்கத்தையும் பார்த்துட்டேன் சார். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

நேசன் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார். காலையிலிருந்து யாருக்காவது பாணி மருந்து கொடுத்தீர்களா என்று நான்தான் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு. மூன்று வயது. இருமல். போத்தலில் ஒட்டிய துண்டைப் பார்த்தீர்களா? அவர் யோசித்தார். சிரிப்புப் போய்விட்டது. காலையில் சரியான கூட்டம், அச்சடித்து வந்ததை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிட்டேன் என்றார். நடக்கவில்லை நாங்கள், மூன்று பேருமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினோம்.

பிள்ளையின் அம்மா லெட்சுமி வாசலில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சத்தம் போடாதீங்க. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. மருந்து குடுத்ததும் இருமல் நின்னு இப்பதான் நல்லா தூங்குறா.”

அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. போத்தல் அலுமாரிக்கு மேல் இருந்தது. ஒரு தடவைக்கு ஐந்து தேக்கரண்டி. எங்கள் துண்டு, எங்கள் எழுத்து. எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். “மூணு கரண்டி உள்ள போச்சு. மிச்சத்தத் துப்பிட்டா, கழுதை” என்றாள். நேசன் பிள்ளையைத் தட்டிப் பார்த்தார். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. தோட்டத்து லொறியில் தெல்தோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டொக்டர் பார்த்தார். தூக்கம் வரவைக்கிற மருந்து அதில் இருக்கிறது, துப்பியது நல்லதாய்ப் போயிற்று, எழும்பும் வரைக்கும் பார்க்கவேண்டும் என்றார். லெட்சுமி உள்ளே பிள்ளையோடு. நாங்கள் வெளியே ஒரு நீட்டு மர வாங்கில் இருந்தோம். நான் ஊரிலுள்ள கோவிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டிருந்தேன். நேசன் எதையோ சொல்லத் தொடங்கினார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அவருடைய தம்பியை ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வழக்கும் இல்லை, ஒன்றுமில்லை, உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு நாள் யாரோ ஒரு மாமா யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை விடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். தான் கேள்விப்பட்டதைச் சந்தோசத்தில் சொன்னார். அம்மா வீட்டைக் கழுவினாள். தெருவுக்கெல்லாம் சொன்னாள். தம்பிக்குப் பிடிக்கும் என்று கணவாய் வாங்கிக் கறி வைத்தாள். வெள்ளி போய், சனி போய், ஞாயிறு வரைக்கும் அந்தக் கறியைச் சூடாக்கிக்கொண்டே இருந்தாளாம். தம்பி வரவில்லை.

“மாதக்கணக்குக்குப் பிறகு உண்மையிலயே விட்டாங்கள். நாங்கள் போன் எடுத்துச் சொன்னம். அம்மா நம்பேல்லை. அவன் வீட்டு வாசல் படலையில வந்து நிக்கிறான், அம்மா கட்டிலால எழும்பாமல் ஆரப்பா எண்டு கேக்கிறா” என்றார் நேசன். பிறகு, “வராததை வந்திட்டுது எண்டு சொன்னா, வந்த பிறகும் அது வராது, செல்வி” என்றார்.

அவர் அழுதார். நானும் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொழுதுபடுகிற நேரம் உள்ளே ஒரு வீறல் கேட்டது. பிள்ளை எழும்பி, தின்ன இனிப்புப் பணிஸ் வேண்டும் என்று அழுகிறது. நேசன் உள்ளே போய், லெட்சுமியின் முன்னால் நின்று, பிழை டிஸ்பென்சருடையது இல்லை, என்னுடையது என்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“படிச்சவங்கதானே நீங்க? எழுதி ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாக்க மாட்டீங்களா? இவ எழும்பாம போயிருந்தா யாருகிட்ட வந்து நின்னிருப்பீங்க?”

“ஓம், அம்மா” என்றார் நேசன். அவள் திட்டி முடிக்கும் வரை நின்றார். பிறகு போய்ப் பணிஸ் வாங்கிவந்து கொடுத்தார். அதை அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளை இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போன மாதமும் கண்டேன், சேலைக்கு விலை குறைக்கமாட்டேன் என்று என்னோடு வாயாடினாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

கண்டிக்குத் திரும்பிய பிறகு அடுத்த சண்டை. எல்லா மருந்தகங்களுக்கும் நேசன் ஒரு அறிவித்தல் எழுதினார். என்ன பிழை, யார் விட்ட பிழை என்று தன் பெயரையும் போட்டு. லலித் சேர் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போடச் சொன்னார். உதவிக்காரர்கள் கையை விரித்துவிட்டால் எல்லோரும் நடுத்தெருவில்தான் என்றார். அதுவும் உண்மைதான். “மிசின் நான் சொன்னதைத்தானே செய்தது? அதில கோளாறு இல்லை” என்று நேசன் கோபத்தில் தமிழிலேயே சொல்ல, நான் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, லலித் சேர் என்னையும் சேர்த்துத் திட்டினார். அறிவித்தல் நேசன் எழுதியபடியே போனது. அதன் பிறகு கொஞ்ச நாள் லலித் சேர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

‘இன்னும் இல்லை’ சொல்லும் எங்கள் கந்தோர் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது. தமிழ்ப் பக்கம் பட்டியலில் ஏறிய அன்றைக்கும் கருவி தன் முறைப்பாட்டைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சிங்களப் பக்கம் பட்டியலில் இல்லை, இங்கிலீஷ் பக்கம் பட்டியலில் இல்லை என்று. தமிழ்ப் பக்கத்தின் பெயர் அந்த வரிகளில் வரவில்லை, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கிற வரிதானே என்று எல்லோருக்கும் கண் பழகிவிட்டது. இனிமேல் கண்ணை நம்பமாட்டேன் என்றார் நேசன். கையேட்டை வெளியிடுமுன் எல்லோரும் எழும்பி நிற்கவேண்டும். ஒதுக்கி வைத்த ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் அவர் மூன்று மொழியிலும் உரக்க வாசிப்பார். அந்த மாற்றம் தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நாங்கள் ‘இன்னும் இல்லை’ என்று சொல்லவேண்டும். சேர்ந்துவிட்டது என்றால் ‘வந்தாச்சு’. அதன் பிறகுதான் அந்தப் பக்கம் பட்டியலுக்குப் போகும். எல்லோரும் தமிழில்தான் சொல்லவேண்டும், லலித் சேர் உட்பட. அவர் ‘இன்னு இல்லே’ என்று ஒரு இழுவை இழுப்பார். நாங்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவோம். நேசன் சிரிக்கமாட்டார்.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளும் எங்களுக்குக் கையேடு வெளியிடும் நாள்தான். வெளியே வெடி கொளுத்தினார்கள். கீழே தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் கந்தோரில் யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவர் நல்ல எண்ணத்தில்தான், “இனி எல்லாம் சரி, நேசன். தைரியமா ஊருக்குப் போய் வரலாம்” என்றார். நேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழும்பி, பக்கங்களின் பெயரை வாசிக்கத் தொடங்கினார். வெடிச் சத்தத்துக்கு மேலாக நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ‘இன்னும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு நின்றோம்.

அந்தக் கந்தோர் மூடிப் பல காலமாகிவிட்டது. உதவி நின்றது, லலித் சேருக்கும் வயதாகிவிட்டது. நானும் நேசனும் வெவ்வேறு இடங்களில் வேலைக்குப் போனோம். மாதத்தில் ஒரு தடவையாவது வாவிக்கரையில் சந்தித்து, தேத்தண்ணி குடித்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதுகிற கையேட்டைத் திட்டுவோம். போன வருசம் ஒரு நாள் புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். ஊசி ஏற்றிய தடம்.

“என்ன இது?”

“டொக்டர்மார் இன்னும் முடிவாச் சொல்லேல்லை. சொன்னாப் பிறகு சொல்லுறன்.”

“நேசன், நான் என்ன தோட்ட மருந்தகமா? தெரிஞ்சா அளவு மாத்திக் குடுத்துருவேனா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு மூன்று நான்கு தடவை சந்தித்தோம், கேட்கும்போதெல்லாம் அதே பதில். உடம்பு வற்றிக்கொண்டே போனது கண்ணுக்குத் தெரிந்தது, அவர் வாயால் மட்டும் ஒன்றும் வரவில்லை. இதில் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இறந்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். இருக்கிறது, என்ன செய்ய? பக்கங்களுக்குச் சரி, அந்த விதி. சிநேகிதிக்குமா? நான் ஒன்றும் கணவாய்க் கறி வைத்துக்கொண்டு காத்திருக்கப்போவதில்லையே. அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைக்குப் போல ஒரு வாங்கில் இருந்திருப்பேன், அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது நான் வேலை செய்யும் இடத்திலும் கருவி அதே முறைப்பாட்டைச் சொல்கிறது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்த வரி மாறவில்லை. அதை வாயடைக்க நான் விடுவதில்லை. எழும்பி நின்று பெயர்களை வாசிக்கிறேன், ‘இன்னும் இல்லை’ என்று சொல்லச் சொல்கிறேன். மிஸ்ஸுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். வெளியிட்ட பிறகு வெளியாட்கள் கதிரையில் போய் இருந்து ஒரு தடவை திறந்தும் பார்க்கிறேன். மின்வெட்டு வந்தால், மின்சாரம் வரும் வரை அங்கேயே இருக்கிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலை விமலா அழைத்தாள். அவள் பெயரைத் திரையில் கண்டதுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

“விமலா, நிச்சயமாவா?”

“ஓம், அக்கா. நான் பக்கத்திலதான் இருந்தனான். டொக்டரும் வந்து பாத்துச் சொல்லிப்போட்டார்.” அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, “எல்லாருக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். அண்ணை அப்பிடித்தான் சொல்லி வச்சவர். செல்வி சரிபாத்துத்தான் போடுவா எண்டு” என்றாள்.

குழுவைத் திறந்தேன். படம் போடவில்லை, விளக்கும் போடவில்லை. ‘நேசன் இன்று காலை காலமானார். விமலாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்’ என்று எழுதி அனுப்பினேன். எல்லோரும் வாசித்துவிட்டார்கள் என்று திரை காட்டியது. ஒரு கும்பிடும் கையும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லலித் சேர், தமிழ் எழுத்துத் தெரியாதவர், இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் ‘வந்தாச்சு’ என்று எழுதினார். நான் அதற்குப் பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை. யாராவது ஒருவர், ஒரேயொருவர், ‘இன்னும் இல்லை’ என்று எழுதிவிடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.